எலிக்குக் காது கேட்கும்

எலிக்குக் காது கேட்கும் என்பது தையல்நாயகியின் கட்சி. காது மட்டுமல்ல, தமிழும் தெரியும். "மருந்து வெக்கப் போறேன்" என்று வீட்டுக்குள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், பரண்மேல் இருக்கிற எலி அதைக் கேட்டுவிட்டு, வைத்த மருந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது அவள் ஒருத்தியின் கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நெல்லித்தோப்பில் அவர்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. எலிமருந்து வாங்கப் போகிறவர்கள் கடையில் பெயரைச் சொல்ல மாட்டார்கள், விரலை நீட்டிக் காட்டுவார்கள். கடைக்காரரும் வாயைத் திறக்காமல் தாளில் மடித்துக் கொடுப்பார். அவர் கடையிலும் எலி இருந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவள் புருஷன் கன்னியப்பன். "எலி இன்னா, வக்கீலுக்கா படிச்சிருக்குது?" என்பான். மில்லில் தறி ஓட்டுகிறவன். வாய் நீளம், கை தாராளம், கோபம் மூக்குக்கு மேலே. அவனுடைய ஒரே டெரிலின் சட்டையின் காலரை எலி தின்றுவிட்ட அன்றுதான் சிரிப்பு நின்றது. "அந்தக் கழுதைய ஒழிச்சுக் கட்டு" என்று பொண்டாட்டிக்கு உத்தரவு போட்டான். தையல்நாயகி பதறிப்போய் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

அவள் வைக்கும் முறையே தனி. எலி சந்தேகப் பிராணி. முதலில் ஒன்றை முகர்ந்து, ஓரத்தைக் கடித்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் பக்கத்தில் இருப்பதைத் தொடும். ஆகையால் எப்போதும் இரண்டு மசால் வடை. நம்பிக்கைக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று. காரிய வடையைப் பிளந்து, கறுப்புப் பொடியை உள்ளே வைத்து, விரலால் அமுக்கி மூடி, நல்ல வடையோடு ஒரே தட்டில் மேல் அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிடுவாள். எலியின் ராஜபாட்டை அதுதான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவர்களுடைய ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருப்பது புருஷன் ஒருவன்தான், அவனிடமும் சொல்ல மாட்டாள். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தாள். அவன் உண்ணாவிரதத்துக்குப் போயிருக்கிறான், பொழுது சாயும்வரை வீட்டில் யாரும் எதையும் தின்னப் போவதில்லை, இதைவிட நல்ல நாள் அமையுமா என்று வைத்தாள்.

அந்த உண்ணாவிரதமும் எலியால் வந்ததுதான். இது எண்பத்தொன்றாம் வருஷம், ஆவணி மாதம். மில் கேண்டீன் சாம்பாரில் எலிப்புழுக்கை மிதந்தது. கொண்டுபோய்க் காட்டினார்கள். மேனேஜர் அதைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மிளகு என்றார். "அப்ப நீங்களே கடிச்சுக் காட்டுங்க சார்" என்று எல்லார் முன்னாலும் கேட்டவன் கன்னியப்பன். மேனேஜர் கடிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் கன்னியப்பன் பெரிய ஆளாகிவிட்டான். எலி இல்லாத கேண்டீன் வேண்டும் என்று காலைச் சங்கிலிருந்து ஆறு மணிச் சங்குவரை மில் வாசலில் உண்ணாவிரதம் என்று சங்கம் முடிவு செய்தபோது, முதல் பெயராக அவன் பெயரைத்தான் போட்டார்கள். நோட்டீசில் போட்டார்கள். நெல்லித்தோப்பு மார்க்கெட் சுவரில் சிவப்பு மையில் ஒட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவன் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. காலையில் பந்தலுக்குப் போகிற வழியில் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனான்.

இரண்டாவது பெயர் சின்னக்கண்ணு. கன்னியப்பனுக்குப் பக்கத்துத் தறி. ஐம்பதைத் தாண்டியவர், வம்புதும்புக்குப் போகாதவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து இரண்டு காதும் அவிந்துபோனவர். தறிக் கொட்டகைக்குள் யாருக்கும் பேச்சு எடுபடாது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். கல்யாணச் சேதி, சாவுச் சேதி, மேஸ்திரிக்கு வசை எல்லாம் விரல்தான். சின்னக்கண்ணுவுக்கு வெளியிலும் அந்தப் பாஷைதான். தையல்நாயகிக்கும் அது தண்ணீர்பட்ட பாடு, கல்யாணத்துக்கு முன்னால் அதே மில்லில் நூல் சுற்றியவள்.

இரண்டு பேருக்கும் மாலை போட்டுக் கீற்றுப் பந்தலில் உட்கார வைத்தார்கள். நடுவில் மைக்கோடு சங்கச் செயலாளர் இராமதாஸ். அவர் உண்ணாவிரதம் இருக்கவில்லை. வயிற்றில் புண், டாக்டர் கூடாது என்கிறார் என்று சொல்லிவிட்டார். அந்தப் புண்ணுக்கு மருந்தாக அடிக்கடி பந்தலுக்குப் பின்னால் போய் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கன்னியப்பன் காலையில் சிங்கம்போல உட்கார்ந்திருந்தான். வெயில் ஏற ஏறச் சிங்கம் சுருங்கியது. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் வடை போட ஆரம்பித்தார்கள். காற்று வேறு அந்தப் பக்கத்திலிருந்தே அடித்தது. அவன் பசி தாங்காத பிறவி. கஞ்சி கொஞ்சம் ஆறிப்போனாலே தெருவைக் கூட்டுகிறவன். காலையில் தையல்நாயகி அதைத்தான் சொல்லிக் காட்டினாள். "ஒரு வேளக் கஞ்சிக்கே ஊரக் கூட்டுற ஆளு, நாளு பூரா பட்டினி கெடக்கப் போறியா? ஒனக்கு எதுக்குய்யா இந்த வேல?" அது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

உச்சி வெயிலில் ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தான். மில்லுக்குள் விட மாட்டார்கள், கேட் பூட்டிக் கிடந்தது. வீடு நாலு தெரு தள்ளித்தான். போனான். தையல்நாயகி மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. போன காரியத்தை முடித்துவிட்டு, வாய் கொப்பளிக்கலாம் என்று அடுப்பங்கரைக்குள் நுழைந்தான். வாய் கொப்பளிப்பதற்கு யாரும் மேல் அலமாரியைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் பார்த்தான்.

தட்டில் இரண்டு மசால் வடை.

அவன் நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. இதுதான் வேடிக்கை. திருட்டு எண்ணம் வருவதற்கு முன்னால் அவனுக்குக் கண்ணீர் வந்தது. வாயால் அத்தனை திட்டிவிட்டு, எனக்கென்று எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். வருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்று வெளியே போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை இவ்வளவு உயர்வாக நினைத்தது அன்றுதான். அப்படி நினைத்துக்கொண்டே ஒரு வடையை இரண்டே வாயில் தின்றுவிட்டான்.

இன்னொன்றுக்கும் கை நீண்டது. அப்போது சின்னக்கண்ணுவின் முகம் நினைவுக்கு வந்தது. பாவம், மனுஷன் வாடிக் கிடக்கிறார், அவரும் சாப்பிடட்டுமே என்று நினைத்தான். பாதி நிஜமாகவே இரக்கம். மீதிப் பாதி, கூட ஒரு ஆள் இருந்தால் தப்பு கொஞ்சம் இளைத்துப்போகும் என்கிற கணக்கு. வடையைத் துண்டில் மறைத்து எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தான். செயலாளர் பின்பக்கம் மருந்து சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சின்னக்கண்ணுவின் மாலையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து அவர் கைக்குள் வடையைத் திணித்தான். அவர் வடையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கை துண்டுக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் மென்றுகொண்டிருந்தது. அவர் வாய் எப்போதும் சும்மாவே மென்றுகொண்டுதான் இருக்கும், பல் போனதிலிருந்து அப்படித்தான். கன்னியப்பனுக்கு அது ஞாபகம் வரவில்லை. அண்ணனும் நம்ம ஆள்தான் என்று சந்தோஷப்பட்டான்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தையல்நாயகியும் பக்கத்து வீட்டு மணியம்மாளும் பெண்கள் வரிசையில் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தையல்நாயகியின் முகம் தீபாவளி மாதிரி இருந்தது. புருஷனிடம் எதையோ சொல்லத் துடித்தாள். இராமதாஸ் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்ததால் கையை எடுத்தாள்.

இரண்டு விரலை மூக்குக்குக் கீழே பல்லாக வைத்தாள். எலி. விரலை வளைத்து வட்டம் போட்டாள். வடை. இரண்டு விரலைக் காட்டி, வாயில் போடுகிற மாதிரிச் செய்து, கையை விரித்தாள். இரண்டையும் தின்றுவிட்டது, தட்டு காலி. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொடியைத் தூவிக் காட்டி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். மருந்து வைத்திருந்தேன், ஒழிந்தது சனியன்.

கன்னியப்பனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கெனவே அங்கே வடை கரைந்துகொண்டிருந்தது.

எங்கே வைத்தாய் என்று கையாலேயே கேட்டான். மேல் அலமாரி என்றாள். எத்தனையில் மருந்து என்று கேட்டான். ஒன்றில்தான் என்று பெருமையாக ஒற்றை விரலைக் காட்டினாள். அவனுக்கு ஏப்பம் வந்தது. பூண்டு நாற்றம். எலிமருந்துப் பொடிக்குப் பூண்டு வாசனை என்பது ஊர் அறிந்த சங்கதி. மசால் வடையிலும் பூண்டு போடுவார்கள் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வயிறு எரிகிற மாதிரி இருந்தது. எரிகிறதா என்று யோசித்தவுடன் நிஜமாகவே எரிந்தது.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தறிக்காரர்கள், புருஷன் பெண்சாதி பேசிய ஒவ்வொரு விரலையும் படித்திருந்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் அசந்துபோய்க் கண்ணை மூடியிருந்தார். "கன்னியப்பா! ஒன் வூட்டு எலிக்கும் ஒரு மால போட்டுடலாமா?" என்று ஒருத்தன் கத்தினான்.

அப்போதுதான் அவன் மாட்டிக்கொண்ட லட்சணம் அவனுக்குப் புரிந்தது. இரண்டில் ஒன்றில் விஷம். ஒன்று தன் வயிற்றில், இன்னொன்று அண்ணன் வயிற்றில். சாகப்போவது யார் என்று தெரியவில்லை. சின்னக்கண்ணுவிடம் கேட்டாக வேண்டும். காதோடு ரகசியமாகக் கேட்கலாம் என்றால் அவருக்குக் காதே இல்லை. அவருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினால் மைக் அதை ஊருக்கே சொல்லிவிடும். கையால் கேட்டால் கூட்டம் முழுக்கப் படித்துவிடும், வடையில் மருந்து இருந்தது இப்போது எல்லாருக்கும் தெரியும். நடுவில் நின்று இராமதாஸ் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கள் தோழர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்…" மார்க்கெட் சுவரில் சிவப்பு மையில் இருந்த தன் பெயர் கன்னியப்பன் கண்முன்னால் வந்து நின்றது. மில் ஆபீஸ் ஜன்னலில் மேனேஜர் கண்ணாடியைத் தூக்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழி தோன்றியது. பொத்தென்று மயங்கி விழுந்தான்.

நல்ல யோசனைதான். பசி மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அங்கே டாக்டர் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னால் உயிரும் மிஞ்சும், பேரும் மிஞ்சும். இராமதாசுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "தோழர் சாய்ந்துவிட்டார்! நிர்வாகமே, பார்! தோழர் சாய்ந்துவிட்டார்!" என்று மைக்கில் அலறினார். கூட்டம் எழுந்து நின்று கோஷம் போட்டது. கண்ணை மூடிக் கிடந்த கன்னியப்பனுக்கு ஒரே ஒரு உறுத்தல். அண்ணனையும் மயங்கச் சொல்ல வழியில்லையே.

முகத்தில் காற்று பட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தான். சின்னக்கண்ணு தன் துண்டால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்து மாலையில் விழுந்தது. தன் குரல் தனக்கே கேட்காத மனுஷன், அழுகையையும் உரக்கத்தான் அழுதார்.

"டேய் தம்பி! எனக்கு முன்னாடி போயிடாதடா! நீ போய் ரெண்டு வாய் கஞ்சி குடிடா, ஒம் பங்குப் பட்டினியும் நானே கெடக்குறேண்டா!"

அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க கன்னியப்பனால் முடியவில்லை. இந்த மனுஷன் வயிற்றில் நான் கொடுத்த விஷம் இருக்கலாம், இவர் எனக்கு விசிறுகிறார், நான் இவரை விட்டுவிட்டு வண்டியேறப் பார்க்கிறேன். தூ என்று இருந்தது. எழுந்தான். மயக்கம் போட்டவன் இவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்ததைப் பார்த்துக் கோஷம் பாதியில் நின்றது. இராமதாஸ் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எம் பொண்டாட்டி எலிக்கு வெச்ச வடைய எலி தின்னல. நான்தான் தின்னேன். மத்தியானம் வூட்டுக்குப் போயி தின்னேன். இன்னொண்ண அண்ணனுக்குக் குடுத்துட்டேன். ரெண்டுல ஒண்ணுல வெஷம் இருக்குது. யார்னா அண்ணனத் தூக்குங்க!"

தையல்நாயகி "ஐயோ!" என்று போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. இராமதாஸ் மைக்கைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார். "தோழர் பசி மயக்கத்தில் உளறுகிறார்" என்றார். "ஒளறல! தின்னேன்!" என்று கன்னியப்பன் அவர் வாய்க்கு நேராகக் கத்தினான். கூட்டம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தது. சோப்புத் தண்ணி குடுங்க என்றான் ஒருத்தன். சாணியைக் கரைத்து ஊற்றுங்கள் என்று இன்னொருத்தன் சொல்லி, சாணி எடுக்கவும் ஓடிவிட்டான். மேனேஜர் ஜன்னலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சின்னக்கண்ணுவுக்கு எதுவும் விளங்கவில்லை. முகம் முகமாகப் பார்த்தார். கன்னியப்பன் அவர் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, கையால் சொன்னான். எலி. வடை. பொடி. நான் தின்றேன். நீங்களும் தின்றீர்களே அண்ணே.

அவர் விரல்களைப் படித்து முடித்தார். வேட்டி மடியை அவிழ்த்தார். உள்ளேயிருந்து நசுங்கிப்போன ஒரு மசால் வடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"ஆறு மணிச் சங்கு ஊதுனப்புறம் திங்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். "உண்ணாவிரதம்னு மாலையப் போட்டுக்கினு எப்பிடிடா திங்கிறது?"

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் கன்னியப்பனுக்கு வலித்தது. தையல்நாயகி மேடைமேல் தாவி ஏறி, அந்த வடையை வாங்கி இரண்டாகப் பிட்டாள். உள்ளே கறுப்பாகப் பொடி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது. ஆறு மணி. சின்னக்கண்ணு வடையைப் பார்த்தார், சங்குக் குழாயைப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார். பிறகு அவன் தலைமேல் கையை வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தையல்நாயகி விடவில்லை. "ரெண்டும் ஒரே தட்டுல ஒட்டிக்கினு இருந்துச்சே! பொடி ஒட்டியிருந்தா?" என்று புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாணிக்காரன் வாளியோடு வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகு கன்னியப்பன் அவளைவிட வேகமாக ஓடினான்.

சங்கத்துக்காக ஒலிபெருக்கி கட்டிய அம்மாவாசையின் டெம்போதான் வாசலில் நின்றது. அதில் ஏற்றிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான் அம்மாவாசை. பறக்கிற அவசரத்தில், காலையிலிருந்து ஊரைச் சுற்றி அறிவிப்புச் செய்த மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அது பின்சீட்டில் இருவருக்கும் நடுவே கிடந்தது. வண்டிக்கு மேலே நாலு பக்கமும் நாலு குழாய்.

"மனுசன் திங்கிறதுக்கும் எலி திங்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா ஒனக்கு?" என்று நெல்லித்தோப்பு மார்க்கெட் முழுக்கக் கேட்டது. கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைக் கீழே வைத்தார்கள். "டப்பாவுக்கு நடுவுல எவளாவது புருசனுக்கு வட வெப்பாளா? ஒரு நாளு! ஒரே ஒரு நாளு வாயக் கட்ட முடியல! ஊரு பூரா பேரு ஒட்டியாச்சு, உள்ள வடையத் தள்ளியாச்சு!"

அப்புறம் கன்னியப்பனின் குரல் வந்தது. அழுகிற குரல்.

"எனக்காவ வெச்சியோன்னு நெனச்சேன், தையலு."

நாலு குழாயிலும் வந்தது. சிவப்பு மையில் அவன் பெயர் ஒட்டியிருந்த சுவரைத் தாண்டும்போது அது கேட்டது. அதற்குப் பிறகு குழாயில் திட்டு வரவில்லை. ஒரு பெண்பிள்ளை விசும்புகிற சத்தம்தான் கோரிமேடுவரை போயிற்று.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டு வயிற்றைக் கழுவினார். கன்னியப்பன் தன் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டான். வந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "கடலைப்பருப்பு, வெங்காயம், பூண்டு. வேற ஒண்ணும் தெரியல" என்றார் டாக்டர். "ஆனாலும் ராத்திரி இங்கேயே இருக்கட்டும். நாளைக் காலை வரைக்கும் வாய் வழியா எதுவும் கூடாது, தண்ணிகூட." பக்கத்துக் கட்டில் நோயாளி, டெம்போ குழாயில் வந்த கதையை அதற்குள் யாரிடமோ கேட்டிருந்த ஆள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கன்னியப்பனின் உண்ணாவிரதம் அப்போதுதான் ஆரம்பித்தது.

விளக்கு வைத்தபின் சின்னக்கண்ணு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மாலையைக் கழற்றவில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டி, அதில் எலுமிச்சம்பழச் சாறு. பந்தலில் உண்ணாவிரதத்தை முடித்து வைக்க இராமதாஸ் கொடுத்தது. அதை அவர் குடிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "ரெண்டு பேரும்தான ஒக்காந்தோம்? ரெண்டு பேரும் குடிக்கலாம்" என்றார்.

காலைவரை கூடாதாம் என்று தையல்நாயகி கையால் சொன்னாள்.

"அப்ப நானும் காலையில குடிக்கிறேன்" என்று கட்டிலுக்குக் கீழே தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிவிட்டால் அவரிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. விடிந்ததும் டாக்டர் தலையை ஆட்டிய பிறகு, அந்தச் சாற்றில் பாதியை அவன் குடித்தான், பாதியை அவர் குடித்தார். இரவெல்லாம் வைத்திருந்ததால் கசந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

மில்லில் கன்னியப்பனுக்கு "வடை" என்று பேர் வந்தது. கையாலேயே கூப்பிட்டார்கள், விரலை வளைத்து ஒரு வட்டம். சின்னக்கண்ணு மட்டும் கடைசிவரை அப்படிக் கூப்பிடவில்லை. கேண்டீனுக்கு அடுத்த மாதமே சிமெண்டுத் தரை போட்டு, ஓட்டையெல்லாம் அடைத்தார்கள். பட்டினியைப் பார்த்துப் பயந்தார்களா, அன்று சிரித்த சிரிப்பில் மேனேஜருக்கு மனசு இளகிவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. இராமதாஸ் அதைத் தன் வெற்றி என்று நோட்டீஸ் போட்டார். அதில் கன்னியப்பன் பெயர் இல்லை.

வீட்டில் எலி மட்டும் அப்படியே இருந்தது. தையல்நாயகி மறுபடியும் இரண்டு வடை வாங்கினாள். ஒன்றைப் பிளந்து பொடி வைத்தாள். தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, நடு வீட்டில் வந்து நின்று, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"மேல் அலமாரியில எலிமருந்து வெச்சிருக்கேன்! வடையில வெச்சிருக்கேன்! யாரும் தொடாதீங்க!"

மணியம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "அடிப் பாவி! கேட்டுட்டிருக்குமேடி!" தையல்நாயகி அவளைச் சட்டை பண்ணவில்லை. அன்றிலிருந்து வைக்கும்போதெல்லாம் கத்திவிட்டுத்தான் வைத்தாள். எலியும் காதுள்ள எலிதான். ஒரு தடவைகூட அந்தத் தட்டைத் தொடவில்லை. அரிசியைத் தின்றது, சோப்பைத் தின்றது, கன்னியப்பனின் புது டெரிலின் சட்டையைத் தின்று கொழுத்தது.

"நீ கத்திக் கத்தித்தான் அது திங்க மாட்டேங்குது" என்றான் கன்னியப்பன் ஒருநாள், காலர் இல்லாத சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"அது திங்காட்டிப் போவுது. நீ திங்காம இருக்கியே, அது போதும்."